முறித்த காம்பின் நிறம்

கண்டியில் நான் பல் செய்கிறேன். வைத்தியர் அளவெடுத்து அனுப்புவார்; நாங்கள் அதற்குப் பொருந்துகிற பல்லை வார்த்து, நிறம் ஏற்றிக் கொடுப்போம். வெள்ளைப் பல் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். வெள்ளைப் பல் உள்ள ஒரு மனிதரை இருபத்திரண்டு வருடத்தில் நான் கண்டதில்லை. ஒருவருக்கு வெண்ணெய் நிறம், இன்னொருவருக்கு அடியில் சாம்பல் ஓடும், வெற்றிலை போடுகிறவருக்கு ஓரத்தில் ஒரு செம்மை நிற்கும். இதையெல்லாம் கண்ணால் பார்த்தே பிரித்துவிடுவேன். நிறம் விஷயத்தில் என்னோடு யாரும் வாக்குவாதத்துக்கு வர வேண்டாம். வந்தவர்கள் தோற்றுத்தான் போயிருக்கிறார்கள்.

ஆனால் இந்த வேலையில் ஒரு கஷ்டம் இருக்கிறது. நான் நன்றாகச் செய்தால் அது நான் செய்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது. பெரஹரா ஊர்வலக் கூட்டத்தில் என் பல்லோடு சிரித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற என் மகளிடம்கூட அதைச் சொல்ல முடியாது. வீட்டில் மகளுடைய கலர் பென்சிலை எடுத்து வரைய ஆரம்பித்ததே இந்த வயிற்றெரிச்சலில்தான். பன்னிரண்டு வருடம் வரைந்தேன். நெருப்புப் பெட்டி, மாங்கொட்டை, கழற்றி வைத்த செருப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தேன். நன்றாகவே வரைந்தேன், அதில் அடக்கம் காட்ட ஒன்றும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் வத்தேகமவுக்கு மேலே காட்டோரத்துப் பங்களா ஒன்றில் ஐந்து நாள் தங்கிக் கலர் பென்சிலால் செடி வரைகிற முகாம் பற்றிக் கேள்விப்பட்டேன். வெறும் முகாம் இல்லை. அந்தக் காட்டுச் செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் வரப்போகிறது, அதற்கு நாற்பது படம் வேண்டும். முகாமுக்கு வருகிறவர்களில் ஒருவருக்கு அந்த நாற்பது படத்தையும் வரைகிற வேலை. படத்துக்கு அடியில் வரைந்தவர் பெயர் வரும் என்று போட்டிருந்தது. அந்த வரியைப் படித்த அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தபோது எட்டுப் பேர் இருந்தோம். மூன்று பேர் சிங்களம், மிச்சப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். நடத்தியவர் யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. தாவரப் படம் வரைவதே, அவர் சொல்லில் கீறுவதே, அவருக்குத் தொழில். நான் அவரை மிஸ் என்றேன், அவர் என்னை அக்கா என்றார், அதுவே நிலைத்துவிட்டது.

"அக்கா எந்த இடம்?" என்று கேட்டார்.

"கண்டி" என்றேன்.

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. நான் பிறந்தது மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வெட்கம் கிடையாது, எரிச்சல்தான். முன்பு இரண்டு சித்திர வகுப்புகளுக்குப் போய், இரண்டிலும் மடுல்கெல்ல என்று வாய் திறந்து சொல்லித் தொலைத்தேன். இரண்டிலும் ஒரே கதை. "அப்ப நீங்க கூடை தூக்கிக்கிட்டுப் போற பொம்பளைங்கள வரைங்க, உங்களுக்கு அது நல்லா வரும்" என்றார்கள். நான் நெருப்புப் பெட்டி வரையப் போனவள். எனக்கு எது நன்றாக வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் இந்தத் தடவை கண்டி.

மிஸ் முதல் நாளே கண்டிப்பாக ஒன்று சொன்னார். "ஒரு இலையும் பிடுங்கப்படாது. விழுந்து கிடக்கிறது எண்டாலும் எடுக்காதேங்கோ. கதிரையைக் கொண்டுபோய்ச் செடிக்குப் பக்கத்தில போட்டு இருந்து கீறுங்கோ. ஆளுக்கு ஒரு செடி, ஒரு படம். வியாழன் மத்தியானம் தரவேணும்."

எடுத்த செடி எது என்று தெரிய, அதன் அடியில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவிட்டோம். நான் எடுத்தது செடிகூட இல்லை, மக்கி உக்கிப்போன ஒரு கிளையில் படர்ந்திருந்த பாசி. அதில் இருபது பச்சை இருந்தது. மற்றவர்கள் பூவைத் தேடிப் போனார்கள். நான் பாசியைப் பார்த்ததும், இந்த வேலை எனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இடைஞ்சல். அறையில் என்னோடு தங்கியிருந்த திகன ஊர் முஸ்லிம் பெண். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தார். மூத்த சகோதரியை அவர்கள் ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு உட்கார்ந்து பென்சில்களைச் சீவ ஆரம்பித்தாரென்றால் ஊசி முனையாகிற வரை விடமாட்டார். அவர் எடுத்தது ஒற்றையடிப் பாதை ஓரத்தில் இடுப்பு உயரம் நின்ற ஒரு புதர். அதன் நுனித் தளிர் மட்டும் சிவப்பு. பச்சை, அதற்கு மேல் செம்பு, உச்சியில் இரத்தச் சிவப்பு. மிஸ் அதன் பெயரைச் சொன்னார், எனக்கு அது வாயில் நிற்கவில்லை.

கலர் பென்சிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் அழிக்கிற வேலை கிடையாது. மெல்லிசாக ஒரு தட்டு, அதற்கு மேல் இன்னொன்று, இப்படிப் பத்துப் பன்னிரண்டு தட்டு ஏற்றினால்தான் நிறம் எழும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளைச் சும்மா விட வேண்டும். விட மறந்தால் மறந்ததுதான். இலை நரம்பு வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால், மை தீர்ந்த பேனாவால் முதலிலேயே தாளில் அழுத்திக் கோடு கீறி வைப்போம். மேலே நிறம் தீட்டும்போது அந்தப் பள்ளத்தில் மட்டும் பென்சில் படாது. ராத்தா எல்லா இலைக்கும் அப்படிக் கீறி முடித்து, கீழேயிருந்து நிறம் ஏற்றிக்கொண்டு வந்தார். சிவப்புத் தளிரை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை மிஸ் எல்லார் படத்தையும் பார்த்துக்கொண்டு வந்து, என்னுடையதற்கு முன்னாலும் ராத்தாவுடையதற்கு முன்னாலும் நெடுநேரம் நின்றார். மற்ற ஆறு பேரும் அதைப் பார்த்தார்கள்.

புதன்கிழமை காலை நான்தான் முதலில் இறங்கினேன். முந்தின நாள் மழையில் தாள் நமத்துப் போயிருந்தது. நமத்த தாளில் பென்சில் பிடிக்காது. அதை எப்படிச் சரிக்கட்டுவது, குசினி அடுப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்திருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். இடது கக்கத்தில் தாள் செருகிய பலகை. வலது கை சும்மா இருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் இடுப்பளவுப் புதர்கள், பனியில் நனைந்த தளிர்கள் எல்லாம் சரியாகக் கை உயரத்தில்.

நான் தாளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அதைத்தான். உள்ளங்கை நிறைந்தது. நிறைந்ததும், வலது கை தன் பாட்டில் மேலே போய், உள்ளே இருந்ததைத் தோளுக்குப் பின்னால் எறிந்தது.

முதுகில் கூடை இருந்திருந்தால் அதில் விழுந்திருக்கும்.

"என்ன தங்கச்சி இது?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

திரும்பினேன். ராத்தா கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய முக்காட்டில் இரண்டு தளிர், தோளில் ஒன்று, மிச்சம் காலடியில். முக்காட்டில் இருந்ததை எடுத்துப் பார்த்தார். அதன் நுனி சிவப்பாக இருந்தது. பாதை ஓரமாக இரண்டடி நடந்து, வெள்ளைத் துணி கட்டிய தன் செடிக்கு முன்னால் போய் நின்றார். உச்சி மொட்டையாக இருந்தது.

"என்னத்துக்கு செஞ்சீங்க?" என்றார்.

  

அதற்குள் மற்றவர்களும் இறங்கி வந்துவிட்டார்கள். எங்களில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருந்தார். எதிலும் கணக்குப் பார்க்கிற ஆள். செடியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆர் முறிச்சது?" என்று மிஸ் கேட்டார்.

"நான்தான் மிஸ். வேணும்னு இல்ல. கை தானாப் போயிருச்சு."

"கை தானாப் போகுமா?" என்றார் ஐயா. "போட்டி இருக்கிறதே உங்க ரெண்டு பேருக்கும் இடையில. அதுல அவங்கட செடி மட்டும் போயிருக்கு."

"மட்டும் இல்ல. ஆறு செடி போயிருக்கு. வேணும்னா எண்ணிப் பாருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று விளங்கியது. ஒரு இலையும் பிடுங்கக் கூடாது என்ற இடத்தில் ஆறைப் பிடுங்கிவிட்டு, அதை எண்ணிப் பார்க்கவும் சொல்கிறேன். மிஸ்ஸின் முகம் இறுகிவிட்டது. புத்தக வேலை போய்விட்டது என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது. வேலை போனால்கூடத் தொலைகிறது. அடுத்தவள் படத்தைக் கெடுத்தவள் என்ற பெயரோடு அந்த மலையிலிருந்து இறங்க நான் தயாராக இல்லை. உண்மைக் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் நான் மூன்று நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"மிஸ், எனக்கு மடுல்கெல்ல. படிப்ப விட்டுட்டு மூணு வருஷம் மலைக்குப் போயி கொழுந்து எடுத்திருக்கேன். இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. நான் மறந்துட்டேன், கை மறக்கல. கொழுந்த கிள்ளி, கை நெறஞ்சதும் பின்னால வீசுவோம். அதான் இவங்க மேல விழுந்துச்சு."

"பிறகு ஏன் கண்டின்னு சொன்னீங்க?" ஐயா விடுவதாக இல்லை.

"கண்டி பஸ்ஸுலதான வந்தேன்? தோட்டம்னு சொன்னா உடனே கூடைய வரையச் சொல்லுவீங்க. எனக்குப் பாசி வரையணும்."

ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராத்தா கையைக் காட்டி நிறுத்தினார். அவர் குனிந்து, முறிந்த காம்பின் தலையைப் பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துணியின் ஓரத்தைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். பிறகு கீழே கிடந்த தளிர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அடியைப் பார்த்தார்.

"ஆத்திரத்துல பிச்சா தோல் உரியும்" என்றார். "இதுல ஒண்டுலயும் உரியல்ல. ஆறும் ஒரே அளவு. முப்பது வருஷமா துணி வெட்டுற எனக்கு, பழகின கை எது, பழகாத கை எதுண்டு தெரியாதா? இவங்க செல்றது உண்மை." ஐயாவின் பக்கம் திரும்பி, "நீங்க போய் உங்கட படத்தப் பாருங்க" என்றார்.

எல்லாரும் கலைந்து போனார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"கோபம் இல்லண்டு நெனக்காதீங்க" என்றார் ராத்தா. "சரியான கோபம் ஈக்கி. இப்ப என்னோட கதைக்க வாணாம்."

போய் என் பாசிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் பென்சிலைத் தொடவில்லை. மிஸ் ராத்தாவிடம் வேறு செடி எடுக்கச் சொன்னது காதில் விழுந்தது. ஒன்றரை நாளில் இனி வேறு செடி ஏலாது, இருக்கிறதை இருக்கிற மாதிரியே வரைகிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். நரம்பு கீறி வைத்த தளிரை நிறம் தீட்டாமல் அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே முறிந்த காம்பை வரைவது என்று முடிவு செய்திருந்தார். அந்தத் துணிச்சலைக் கேட்டதும் எனக்கே பயம் வந்தது. அது சரியாக வந்தால் என் இருபது பச்சையும் அதற்கு முன்னால் நிற்காது.

மத்தியானம் போல ராத்தாவே கூப்பிட்டார்.

"தங்கச்சி, இஞ்ச வாங்க. இந்த முறிச்ச எடம் காலையில வெளிர் பச்சையா ஈந்திச்சு. இப்ப ஓரம் சிவக்குது. இது நாளைக்கு என்ன நிறமாகும்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காம்பு நேரத்துக்கு நேரம் நிறம் மாறிக்கொண்டிருந்தது. எங்கே தீட்ட வேண்டும், எங்கே தாளைச் சும்மா விட வேண்டும் என்று முதலிலேயே தெரியாவிட்டால், தீட்டிய பிறகு திருத்த முடியாது. அது எனக்குத் தெரியும். கிள்ளிய காம்பை மறு நாளும் அதற்கு அடுத்த நாளும் அதே மலையில் நின்று மூன்று வருடம் பார்த்தவள் நான். இது தேயிலை இல்லைதான், ஆனால் ஓரம் சிவக்கிற விதம் அச்சாக அதேதான்.

'பழுப்பாகிவிடும் ராத்தா' என்று சொல்லிவிட்டு நான் போயிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஒருவரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஒரு சொல்லை வைத்து அவர் மொத்தமாகப் பழுப்பு தீட்டியிருப்பார், படம் சாதாரணப் படமாகியிருக்கும், புத்தகம் எனக்கு வந்திருக்கும். இது எல்லாம் ஒரே கணத்தில் என் மண்டையில் ஓடியது. நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

ஆனால் கோபம் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரு மனுஷியிடம் அரை உண்மை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"மொத்தமாப் பழுப்பாகாது ராத்தா. நடுவுல கருத்துப் போயி உள்ள குழிஞ்சிரும். சுத்தி இருக்கிற ஓரம் செம்பு நெறம். அதுக்குக் கீழ தோலு காஞ்சு கொஞ்சம் தூக்கிக்கும், அந்த எடத்துல ஒரு மயிரிழை அளவுக்கு வெளுப்பா வளையம் ஒண்ணு நிக்கும். அந்த வளையத்துல பென்சில் படவே கூடாது. பட்டுச்சுன்னா போச்சு."

"எவ்வளவு அகலம்?"

என் பென்சிலை எடுக்காமல், அவர் பென்சிலாலேயே தாளின் ஓரத்தில் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். அன்று முழுவதும் நான்கு தடவை கூப்பிட்டுக் கேட்டார். நான்கு தடவையும் போனேன்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. செடிப் பக்கம் யாராலும் போக முடியவில்லை. ராத்தா விறாந்தையில் உட்கார்ந்து, நான் சொன்னதை மட்டும் வைத்துப் படத்தை முடித்தார். நானும் என் பாசியை முடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பாசி. கையை வைத்தால் ஈரம் படும் என்று தோன்றும்.

மத்தியானம் எட்டுப் படத்தையும் மேசையில் வரிசையாக வைத்தோம். மிஸ் ராத்தாவின் படத்துக்கு முன்னால் நின்று, தாளை மெல்லச் சரித்துப் பார்த்தார். நேரே பார்த்தால் மொட்டைக் காம்பு. சரித்தால் அதற்கு மேல் நிறமில்லாத ஒரு தளிர், நரம்பு நரம்பாகத் தாளில் பதிந்து தெரிந்தது. "நான் ஒருக்கா செடியைப் பாத்திட்டு வாறன்" என்று குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு, கணுக்காலில் அட்டை ஒன்று தொங்கியது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"அந்த வெள்ளை வளையம் அப்பிடியே நிக்குது" என்றார். "புத்தகத்தை ராத்தாதான் செய்ய வேணும்."

"அந்த வளையம் நான் கண்டதில்ல மிஸ்" என்று ராத்தா உடனே சொன்னார். "இவங்க செல்லித் தந்தது."

மிஸ் என்னைப் பார்த்தார். "ஓம், அது எனக்கு விளங்கினது. அக்கா, உங்கட பாசி நல்ல வடிவு. ஒரு பிழையும் இல்லை. ஆனா பாசியைக் கண் இருக்கிற ஆரும் பாக்கலாம். இந்தக் காம்பைத் தெரிஞ்ச ஆள் உங்கள் எட்டுப் பேரில ஒராள்தான். அவ அதைக் கீறேல்லை."

குசினிப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு அழுதேன். வயிறு எரிந்தது. ராத்தாவின் மேல் இல்லை, மிஸ் மேலும் இல்லை. கூடையை வரையச் சொன்னவர்கள் மேல் கோபித்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரியாத, எனக்கு மட்டும் தெரிந்த எல்லாவற்றையும் நானே மூட்டை கட்டி ஒதுக்கி வைத்திருந்தேன். அவர்களை ஜெயித்துவிட்டதாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேன் எங்களை வத்தேகமவில் இறக்கிவிட்டது. மழை விட்டிருந்தது. எனக்குக் கண்டி பஸ், ராத்தாவுக்குத் திகனப் பக்கம் போகிற பஸ். இரண்டு பேரும் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றோம். ராத்தா பக்கத்துப் பேக்கரியில் இரண்டு பனிஸ் வாங்கி, ஒன்றை என்னிடம் தந்தார்.

"நாப்பது படம் ஈக்கி" என்றார். "எனக்கு ஊசி முனையா வரையத் தெரியும். உங்கட கண்ணு எனக்கு இல்ல. நாப்பதுக்கும் நிறம் செல்லித் தர வருவீங்களா தங்கச்சி? மிஸ்கிட்ட நான் கதைக்கிறன்."

அவர் மனதாரத்தான் கேட்டார். பெயரும் போடச் சொல்லியிருப்பார், எனக்கு அதில் சந்தேகமில்லை. கண்டி பஸ் வந்து நின்று, நடத்துநர் கூவ ஆரம்பித்தார்.

"இல்ல ராத்தா, வரமாட்டேன்" என்றேன். "எனக்குத் தெரிஞ்ச நெறத்த இனிமே நானே தீட்டிக்கிறேன்."

ராத்தா கோபிக்கவில்லை. என் பையைத் தூக்கிக் கையில் தந்தார்.

"அதான் சரி" என்றார். "ஏறுங்க, பஸ் போகப் போகுது."